ஜவ்வாது மலைத் தண்ணீர் தேடிப்போன டச்சுக் கடற்கரை

ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பொதுவாக மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். ஜமுனாமரத்தூர் ஏரியில் படகு, பீமன் அருவியில் குளியல், காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம். வரும்போது ஒரு கிலோ சாமை அரிசியும் ஒரு பாட்டில் மலைத்தேனும் பையில் இருக்கும்.

அந்த மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது? அந்தக் கேள்வியோடு தண்ணீரின் பின்னாலேயே நடந்தால் அது ஒரு சின்னக் கடற்கரை ஊர்ப் பக்கம் கொண்டுபோய்விடும். அங்கே செங்கல் கோட்டை ஒன்று இடிந்து நிற்கிறது. கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. ஊரின் பெயர் சதுரங்கப்பட்டினம். ஆங்கிலேயர் வாயில் அது ‘சத்ராஸ்’ ஆனது.

மலைக்கும் அந்த ஊருக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் மூன்று கயிறுகள் சேர்த்துக் கட்டியிருக்கின்றன: ஓர் ஆறு, ஓர் அரசன், ஒரு போர்.

ஆறு

செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். சங்க நூலான மலைபடுகடாம் இதைச் ‘சேயாறு’ என்கிறது. செங்கத்தை ஆண்ட நன்னன் என்ற தலைவனைப் பற்றிய நூல் அது. அதில் வரும் நவிர மலைதான் இன்று பக்தர்கள் இரவெல்லாம் ஏறும் பர்வத மலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே பெயரில் ஓடும் ஆறு நமக்கு எத்தனை இருக்கிறது?

மலையை விட்டு இறங்கும் செய்யாறு குப்பநத்தம் அணையில் கொஞ்சம் இளைப்பாறும். பிறகு செங்கம், கலசப்பாக்கம் என்று வந்து, தன் பெயரையே கொண்ட செய்யாறு நகரத்தைத் தொடும். இன்னொரு பக்கம் படவேடு வழியாக இறங்கும் கமண்டல நாகநதி, ஆரணியைக் கடந்துவந்து இதோடு சேர்ந்துகொள்ளும். கடைசியில் காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் ஒன்றாகும்.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. மருத்துவர், செவிலியர், மருந்துகள், சம்பளம் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு.

அங்கிருந்து பாலாறு என்ற பெயரில் செங்கல்பட்டைத் தாண்டி, வயலூர் அருகே ஆறு கடலில் கலக்கிறது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாகப் பொறித்த தூண் இருப்பது அந்த வயலூரில்தான். முகத்துவாரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனால் சதுரங்கப்பட்டினம்.

அரசன்

படவேடு என்றால் இன்று எல்லோருக்கும் ரேணுகாம்பாள் அம்மன் கோயில்தான் ஞாபகம் வரும். ஆடி வெள்ளிக்குக் கூட்டம் அள்ளும். ஆனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊர் ஒரு காலத்தில் ஒரு தலைநகரம். சோழர்கள் வீழ்ந்த பிறகு வட தமிழகத்தை ஆண்ட சம்புவராயர்கள் இங்கிருந்துதான் ஆட்சி செய்தார்கள். பக்கத்தில் இருக்கும் ராஜகம்பீரன் மலை அவர்களுடைய அரண்.

மலையடிவாரத்தில் தலைநகரம் வைத்திருந்தால் பாதுகாப்பு உண்டு. ஆனால் வணிகத்துக்குக் கடல் வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் ராஜநாராயண சம்புவராயன் ஆண்டபோது, கடற்கரையில் இருந்த ஓர் ஊர் அவன் பெயரால் ‘ராஜநாராயணன் பட்டினம்’ ஆனது. கல்வெட்டுகளில் அதே ஊருக்கு ‘சதிரவாசகன் பட்டினம்’ என்ற பெயரும் இருக்கிறது. அந்தப் பெயர்தான் மக்கள் நாக்கில் புரண்டு புரண்டு சதுரங்கப்பட்டினம் ஆகிவிட்டது. ஆக, டச்சுக்காரர்கள் வருவதற்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே, மலையடிவாரத்து அரசன் ஒருவனின் பெயர் இந்தக் கடற்கரைக்கு வந்துசேர்ந்துவிட்டது.

ஊரில் மலைமண்டலப் பெருமாள் கோயில் ஒன்றும் உண்டு. பெயரைக் கேட்டதும் ஜவ்வாது மலையோ என்று தோன்றும். இல்லை. மலைமண்டலம் என்பது சேர நாட்டுக்கான பழைய பெயர். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்துபோன துறைமுகம் என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

சம்புவராயர்களின் காலம் நீடிக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே விஜயநகர இளவரசன் குமார கம்பணன் படையோடு வந்து அவர்களை வென்றான். தலைநகரம் கிராமமாகச் சுருங்கியது. பட்டினம் மட்டும் அலையோடு அலையாகப் பிழைத்துக்கொண்டது.

துணி வாங்க வந்தவர்கள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602ல் தொடங்கப்பட்டது. அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்தது இன்றைய இந்தோனேசியத் தீவுகளில். அங்கே போய் வெள்ளிக் காசை நீட்டினால் மட்டும் வேலை நடக்கவில்லை. அந்தத் தீவுக்காரர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. தலைமுறை தலைமுறையாக அவர்கள் உடுத்திப் பழகிய துணி அது.

அதனால்தான் டச்சுக்காரர்கள் நம் கரைக்கு வந்தார்கள். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம் என்று வரிசையாகக் கிடங்குகள் திறந்தார்கள். பழவேற்காட்டில் 1613லேயே கெல்டிரியா கோட்டை எழுந்தது. அந்த வரிசையில் சதுரங்கப்பட்டினமும் 17ஆம் நூற்றாண்டில் சேர்ந்துகொண்டது. இந்த ஊரில் நெய்த மெல்லிய மஸ்லின் துணிக்கு வெளிநாட்டில் பெயர் இருந்தது.

வேலை நடந்த விதம் இது. கம்பெனி நேராக நெசவாளியிடம் போகாது. உள்ளூர் வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். வணிகர் அதை நெசவாளிக்குக் கொடுப்பார். நூல் வாங்கி, பாவு ஓட்டி, நெய்து முடித்த துணி கிடங்குக்கு வரும். அங்கே மாதிரித் துணியோடு வைத்துப் பார்ப்பார்கள். நீளம் குறைந்தாலோ, இழை தடித்தாலோ துணியைத் திருப்பிவிடுவார்கள், இல்லை விலையைக் குறைப்பார்கள். வாங்கிய முன்பணம் மட்டும் கடனாக நிற்கும். பஞ்ச காலத்தில் நெல் விலை ஏறினாலும் துணிக்குப் பேசிய விலை ஏறாது.

இந்தக் கரையிலிருந்து கப்பலேறியது துணி மட்டும் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம், வயிற்றுக்கு இல்லாமல் விற்கப்பட்ட மனிதர்களையும் சோழமண்டலத் துறைகளிலிருந்து டச்சுக் கம்பெனி அடிமைகளாக பட்டேவியாவுக்கு ஏற்றிச் சென்றது. பட்டேவியா என்பது இன்றைய ஜகார்த்தா.

டச்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றில் இரண்டு சொற்கள் இன்னும் நம் வாயில் இருக்கின்றன. ஒன்று ‘துட்டு’. டச்சுச் செப்புக் காசான ‘டொய்ட்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இன்னொன்று ‘கக்கூஸ்’. அதுவும் டச்சுச் சொல்தான்.

கோட்டைக்குள் ஒரு பேச்சுவார்த்தை

1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினம் கொஞ்ச நாள் தென்னிந்தியாவின் முக்கியமான ஊராக இருந்தது. ஆற்காடு நவாப் யார் என்பதில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயர் முகமது அலி பக்கம். புதுச்சேரியில் இருந்த டூப்ளே அதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் களைத்துப்போய்ப் பேசலாம் என்று முடிவானது. எங்கே பேசுவது? சென்னையும் வேண்டாம், புதுச்சேரியும் வேண்டாம். நடுவில் இருக்கும் டச்சுக்காரர் ஊர் பொதுவான இடம்.

ஆங்கிலேயர் சார்பில் வந்த இருவர் ஹென்றி வான்சிட்டார்ட், ராபர்ட் பாக். இரண்டாவது பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருக்கும் பாக் நீரிணைக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். பின்னாளில் இவர் சென்னை கவர்னர்.

பேச்சு தேறவில்லை. முகமது அலிதான் நவாப் என்று ஆங்கிலேயர் பிடிவாதமாக நின்றார்கள். தங்களிடம் முகலாயப் பேரரசரின் ஆணைகள் இருப்பதாகப் பிரெஞ்சுக்காரர்கள் காகிதங்களைக் காட்டினார்கள். அவற்றின் முத்திரை உண்மையா என்று ஆங்கிலேயர் சந்தேகம் கிளப்பினார்கள். எல்லோரும் எழுந்து போனார்கள். அதே ஆண்டு டூப்ளே பதவி இழந்து பிரான்ஸ் திரும்பினார்.

போர்

மூன்றாவது கயிறு 1780ல் விழுந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். அவர் இறங்கிய வழி செங்கம் கணவாய். ஜவ்வாது மலையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் வாசல் அது. 1767லும் அதே செங்கத்தில் ஹைதர் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் சண்டை நடந்திருக்கிறது.

மலைவாசலைத் தாண்டிய படை சமவெளியில் பரவியது. செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை நொறுங்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகைச் சுவரில் அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாக இன்றும் பார்க்கலாம்.

போரில் யார் வென்றாலும் தோற்றது உழவர்கள். வயல்கள் எரிந்தன. ஏரிகள் உடைந்தன. ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கோட்டைகளை நோக்கி ஓடினார்கள்.

அப்போது சதுரங்கப்பட்டினத்து டச்சு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் யாகோப் ஹாஃப்னர். 1754ல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறு வயதிலேயே கப்பலேறி, தந்தையை இழந்து, ஊர் ஊராக அலைந்து இங்கே வந்துசேர்ந்தவர். ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர் மூண்டதும் 1781ல் இந்தக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஹாஃப்னர் கைதியாகச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

அங்கே அவர் கண்டது பஞ்சம். கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தெருவிலேயே விழுந்து செத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் 1782ல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்ததும், பழைய சென்னைவாசிகள் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொன்னதும் அதனால்தான்.

ஹாஃப்னர் கண்டதை மறக்கவில்லை. ஐரோப்பா திரும்பிய பிறகு, 1800களின் தொடக்கத்தில் பயண நூல்கள் எழுதினார். கம்பெனிகளின் பேராசையையும், அடிமை வணிகத்தையும், மதம் மாற்ற வந்தவர்களையும் வெளிப்படையாகச் சாடினார். தமிழ்நாட்டையும் இலங்கையையும் அன்போடு எழுதினார். ராமாயணத்தின் ஒரு பகுதியை டச்சு மொழிக்குக் கொண்டுபோனார். அது அச்சாகி வந்தது 1823ல். அவர் இறந்ததோ 1809ல்.

இதற்கிடையே 1782 பிப்ரவரி 17ஆம் தேதி சதுரங்கப்பட்டினத்துக் கடலில் பீரங்கி முழங்கியது. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹ்யூஸின் கப்பல்களும் மோதின. இரண்டு பேருக்கும் நடுவே நடந்த ஐந்து கடற்போர்களில் இதுவே முதலாவது. யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. ஹ்யூஸ் தன் கப்பல்களைப் பழுதுபார்க்கத் திருகோணமலைக்குப் போனார். சுஃப்ரான் பரங்கிப்பேட்டையில் வீரர்களை இறக்கி ஹைதருக்குத் துணையாக அனுப்பினார்.

அதற்குப் பிறகு கோட்டை டச்சுக்காரரிடம் திரும்புவதும், மறுபடி பறிபோவதுமாக இருந்தது. கடைசியில் லண்டனில் 1824 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவில் டச்சுக்காரருக்கு இருந்த இடமெல்லாம் ஆங்கிலேயருக்கு. மறுபக்கம் சுமத்ராவில் ஆங்கிலேயர் வைத்திருந்த பெங்கூலன் டச்சுக்காரருக்கு. 1825ல் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கொடி இறங்கியது. இந்த ஊர்க்காரர் யாரையும் யாரும் கேட்கவில்லை.

பெயர் உள்ள கல், பெயர் இல்லாத கை

இன்று கோட்டைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது அமைதி. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் பீரங்கிகள். உள்ளே பசும்புல். நீண்ட கிடங்குகளின் செங்கல் சுவர்கள் பாதி நிற்கின்றன, பாதி விழுந்துவிட்டன. மதில் மேல் நின்றால் கடல் தெரியும். இங்கே நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கிழக்கே எவ்வளவு தூரம் வரை இந்த ஊருக்குப் போக்குவரத்து இருந்தது என்பதை அவை சொல்கின்றன.

ஒரு மூலையில் சுற்றுச்சுவருக்குள் டச்சுக் கல்லறைகள். பெரிய கருங்கல் பலகைகள். அவற்றில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. யார், எந்தப் பதவி, எப்போது பிறந்து எப்போது இறந்தார் என்று படிக்க முடிகிறது. கடல் காற்றும் உப்பும் இத்தனை ஆண்டு அரித்தும் எழுத்து அழியவில்லை.

ஆனால் இந்தக் கோட்டை எதற்காகக் கட்டப்பட்டதோ, அந்தத் துணியை நெய்தவர்களின் பெயர் இங்கே ஒரு கல்லிலும் இல்லை. பஞ்சத்தில் விற்கப்பட்டுக் கப்பலேறியவர்களின் பெயரும் இல்லை. அவர்களுடைய துணி இரண்டு மூன்று தலைமுறை உடுத்திக் கிழிந்துபோயிருக்கும். தறிகள் வேறு ஊருக்குப் போயிருக்கும், அல்லது அடுப்புக்குப் போயிருக்கும்.

சாதாரண மனிதருக்குக் கல் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? இருந்தது. ஆறு புறப்பட்ட இடத்திலேயே இருந்தது. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. பல்லவர் காலத்தில், ஊர் மாட்டை மீட்கப் போய் இறந்தவனுக்கு, பன்றியோடு போராடி மாண்டவனுக்கு, அவன் உருவத்தைச் செதுக்கிப் பெயரை எழுதி வைத்தார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல் இவற்றைத் தொகுத்து ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாகவே வெளியிட்டது.

எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். அவன் பக்கத்தில் ஒரு நாய். திருடர்களைக் கடித்து நின்ற அந்த நாய்க்குக் ‘கோவிவன்’ என்று பெயர். அந்தப் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. மலையடிவாரத்துக் கிராமத்தார் ஒரு நாயின் பெயரைக்கூட 1,400 ஆண்டுகள் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உலகத்துக்கே துணி அனுப்பிய பட்டினத்தில் ஒரு நெசவாளியின் பெயர் மிஞ்சவில்லை.

இன்றைய ஊர்

சதுரங்கப்பட்டினத்துக்கு இன்று பக்கத்து வீடு கல்பாக்கம். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971ல் தொடங்கியது. சென்னை அணுமின் நிலையம் 1980களில் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் செங்கல் கோட்டை, இன்னொரு பக்கம் அணு உலை, நடுவில் மீனவர் குப்பங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. கல்பாக்கம் குடியிருப்பிலும் குப்பங்களிலும் உயிர்கள் போயின.

ஆற்றின் நிலைமையோ வேறு. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் இல்லை. மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு. 1996ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. கீழே மணல் அள்ளல். செய்யாற்றுப் படுகையிலும் அதே கதை. மணல் போனால் ஆற்றுக்கு நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு போய்விட்டது என்று அர்த்தம். நன்னீர் கடலைத் தள்ளி நிறுத்தாவிட்டால் உப்பு உள்ளே வரும். அதைத் தடுக்கத்தான் வயலூரில் சில ஆண்டுகளுக்கு முன் தடுப்பணை கட்டினார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் அந்த அணையைத் தாண்டி விழும் தண்ணீரில், ஜவ்வாது மலையின் பங்கும் கொஞ்சம் இருக்கும்.

போகிறவர்களுக்கு

ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க நினைத்தால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர், இறங்கும்போது படவேடு. இரண்டாம் நாள் ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகத் திருமுக்கூடல். பிறகு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் சாலையில் நேராகச் சதுரங்கப்பட்டினம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்கு மாமல்லபுரத்தைத் தாண்டி அரை மணி நேரம் போதும்.

பகலிலேயே போய்விடுங்கள். கல்லறைப் பகுதி பெரும்பாலும் பூட்டியிருக்கும். காவலரிடம் மரியாதையாகக் கேட்டால் திறந்து காட்டுவார். குடிதண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும், உள்ளே நிழல் குறைவு. கல்லறைப் பலகைகள் மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். பிள்ளைகளை அழைத்துப்போனால் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கக் கேட்பார்கள். கையை எடுக்கச் சொல்லிவிட்டு, இந்த ஊர் நெசவாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அங்கே வேறு பலகை இல்லை.